கையில் எத்தனை மீன் இருக்கிறது: தோட்டத்து சிக்னலில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்

பேய், பூதம், டிராகன் என்று அடித்து விளையாடுகிற ஒன்லைன் கேம்களைப் பற்றி வருகிற விமர்சனங்களை வாசித்தால், நல்ல கம்பியூட்டரும் ஃபைபர் லைனும் இருபத்துநாலு மணி நேரமும் கரண்டும் இருக்கிறவர்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கும். நான் இருப்பது இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் இருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். மே கடைசியில் மழை பிடித்தால் ஓகஸ்ட் தாண்டியும் விடாது, மூடுபனி இறங்கினால் எதிரில் இருக்கிற லயத்து வீட்டு வரிசை தெரியாது, வாசல் படியில் நின்றால் சிக்னல் இரண்டு கோடு, காம்பராவுக்குள் வந்தால் அதுவும் இல்லை. இந்த நிலைமையிலும் விளையாடக்கூடிய, விளையாடி ஜெயிக்கவும் கூடிய ஒரு கேம் இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2022இல் தொடங்கினேன், இன்னும் விடவில்லை.

அந்த வருடம் மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான். அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அங்கேயும் பாதி நாள் இருட்டு, இங்கேயும் இருட்டு. அவன்தான் போனில் சொன்னான், "இதை இறக்கிப் பாரு தம்பி, நம்ம போனுக்கே ஓடும்." ஓடியது. என்னுடையது ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கின சாதாரண அன்ட்ரொயிட். இந்த கேமில் ஆட்களும் மரங்களும் சதுரம் சதுரமாக, கத்தியால் செதுக்கின மாதிரி இருக்கும். ரூன்ஸ்கேப் முதலில் வந்தது 2001இல். பிறகு அதை மாற்றி மாற்றி வேறு ஒன்றாக ஆக்கினார்கள், பழைய ஆட்கள் பழசுதான் வேண்டும் என்று கேட்டதால் 2007 ஓகஸ்ட் மாதத்துப் பிரதியைத் தேடி எடுத்து 2013 பெப்ரவரியில் தனியாகத் திறந்தார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். போனுக்கு வந்தது 2018 ஒக்டோபரில். அந்தக் காலத்துக் கம்பியூட்டர்களுக்காகச் செய்தது என்பதால் டேட்டாவையும் பெரிதாகத் தின்னாது. வாரத்துக்கு ஒரு சின்ன ரீலோட் போட்டு நான் சமாளித்துக்கொண்டு வருகிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம்.

இந்த உலகத்தில் எது நடந்தாலும் 0.6 செக்கனுக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதற்குப் பெயர் டிக். நீங்கள் திரையைப் படபடவென்று எத்தனை தடவை தட்டினாலும் சரி, சர்வர் அடுத்த டிக் வரும்போதுதான் அதைக் கணக்கில் எடுக்கும். சிமிட்டர் என்கிற வளைந்த வாள் நான்கு டிக்குக்கு ஒரு வெட்டு வெட்டும், அதாவது 2.4 செக்கன். இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய வாளுக்கு ஏழு டிக், 4.2 செக்கன். வேறு கேம்களில் நான் தட்டின தட்டு கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் என் ஆள் செத்துக் கிடப்பான். இதில் அந்தத் தாமதத்தில் பெரும் பகுதி 0.6 செக்கனுக்குள்ளேயே அடங்கிப் போய்விடுகிறது. ஐரோப்பாவில் ஃபைபரில் இருக்கிறவனும் தோட்டத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற நானும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் அடிக்கிறோம். எனக்கு இந்த கேம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான், மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

விரல் வேகம் வேண்டாம் என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். போவதற்கு முன்னால் என்ன எடுத்துக்கொண்டீர்கள், எதிரில் இருப்பது எதற்குப் பயப்படும், எந்த இடத்தில் நின்று அடிக்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், உயிர் இந்த நாலில்தான் இருக்கிறது. பாதிச் சண்டை கேமுக்குள் இருக்கிற பேங்கில் சாமான் எடுக்கும்போதே முடிந்துவிடும்.

தொடக்கத்தில் ஒரு சின்னத் தீவில் பழக்கிவிட்டு லம்பிரிட்ஜ் என்கிற ஊரில் இறக்கி விடுவார்கள். நீங்கள் அப்போது சண்டை லெவல் 3, ஹிட்பொயிண்ட்ஸ், அதாவது உயிர், 10. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லெவல் 2 கோப்ளின்கள் திரியும், அதற்கு மேலே மாட்டுப் பட்டி. அடி விழுந்தால் சிவப்புக் கட்டத்தில் இலக்கம் வரும், அடி ஏறாவிட்டால் நீலக் கட்டத்தில் சைபர். அட்டாக் கூடினால் அடி தவறாமல் விழும், ஸ்ட்ரெங்த் கூடினால் விழுகிற அடி பெரிதாக இருக்கும், டிஃபென்ஸ் கூடினால் எதிரியின் அடி குறைவாக ஏறும். எதை வளர்ப்பது என்பதை நீங்கள்தான் சண்டைப் பக்கத்தில் மாற்றி வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதல் இரண்டு வாரம் ஸ்ட்ரெங்த்தை ஏற்றவே இல்லை நான். மாட்டை அடிக்கிற நேரத்தில் தோலைப் பொறுக்கி பேங்கில் போட்டு வையுங்கள், முதல் காசு அதில்தான் வரும்.

முதல் சாவு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். லம்பிரிட்ஜில் இருந்து பெரிய ஊரான வேரொக்குக்கு நடந்து போகிற வழியில், ஊருக்குத் தெற்கே கல்வட்டம் ஒன்று இருக்கிறது, அங்கே கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் நிற்பார்கள். லெவல் 7இலும் இருக்கிறார்கள், லெவல் 20இலும் இருக்கிறார்கள். நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு, இனி என்னை எதுவும் செய்ய முடியாது என்ற தைரியத்தில் அந்தப் பக்கமாகப் போனேன். நாலைந்து மந்திரத்தில் முடிந்தது.

அன்றைக்குத்தான் முக்கோணம் புரிந்தது. வாள் பிடிக்கிறவன் வில் பிடிக்கிறவனை ஜெயிப்பான், வில் பிடிக்கிறவன் மந்திரம் போடுகிறவனை ஜெயிப்பான், மந்திரம் போடுகிறவன் வாள்காரனை ஜெயிப்பான். இரும்புக் கவசம் வாளையும் அம்பையும் தாங்கும், மந்திரத்துக்கு முன்னால் அது வெறும் பாரம். தோல் சட்டை போட்டுக்கொண்டு வில்லோடு போயிருந்தால் அதே மந்திரவாதிகளை அதே லெவலில் ஒரு கை பார்த்திருக்கலாம். விலை கூடின கவசம் நல்ல கவசம் என்று நம்பிக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழை இது. எந்தப் பூதம் எந்த மாதிரி அடிக்கும் என்று முதலில் பாருங்கள், அப்புறம் பேங்கைத் திறங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் பிழைப்பதும் சாவதும் இதில்தான். உங்கள் பையில் இடம் 28, அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. அந்த 28க்குள் தான் ஆயுதம், மந்திரக் கல், வருகிற வழியில் கிடைக்கிற சாமான், சாப்பாடு எல்லாம். ஹிட்பொயிண்ட்ஸ் தானாக ஏறும், ஆனால் நிமிடத்துக்கு ஒன்றுதான், அதை நம்பிச் சண்டை போட முடியாது. சாப்பிட்டால்தான் உயிர். சுட்ட இறால் 3 கூட்டும், டிரவுட் 7, சாமன் 9, லொப்ஸ்டர் 12, வாள்மீன் 14. அண்ணன் என்னைப் பழக்கின காலத்தில் எந்தக் குகைக்குள் காலை வைத்தாலும் முதலில் ஒரு கேள்விதான் கேட்பான், "கையில எத்தனை மீன் இருக்கு?" இருபதுக்குக் குறைவாகச் சொன்னால், "திரும்பிப் போ, எடுத்துட்டு வா." அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது ரொட்டியையும் சம்பலையும் கட்டி எடுத்துக்கொள்ளாமல் மலையில் ஏறுவதில்லை, அந்த மாதிரி.

மீனைக் காசு கொடுத்தும் வாங்கலாம், ஆனால் நான் பிடித்தேன். போர்ட் சரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்துக் கப்பல் ஏறினால் கராமஜா தீவு, அங்கே ஃபிஷிங் 40இல் லொப்ஸ்டர் பிடிக்கலாம். சமைக்கவும் 40 வேண்டும், ஆரம்பத்தில் பாதி கருகும். மழை நாளில் போர்வைக்குள் இருந்துகொண்டு லொப்ஸ்டர் பிடித்த இரவுகள்தான் எனக்கு இந்த கேமில் நிறைய ஞாபகம் இருக்கிறது. காசு கட்டி உறுப்பினர் ஆகாமல் இலவசமாக விளையாடுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன், நெத்தலி பீட்சாவை மறந்துவிடாதீர்கள். ஒரு பீட்சாவை இரண்டு தடவையாகச் சாப்பிடலாம், ஒரு தடவைக்கு 9, மொத்தம் 18, ஆனால் பையில் பிடிப்பது ஒரே இடம்.

எப்போது சாப்பிடுவது என்பதும் ஒரு கலைதான். ஒரு தடவை சாப்பிட்டால் உங்கள் அடுத்த வெட்டு மூன்று டிக் பிந்தும். அதனால் சின்னக் கீறலுக்கெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எதிரி சாகவே மாட்டான், மீன் மட்டும் தீரும். எதிரி ஒரே அடியில் அதிகபட்சம் எவ்வளவு அடிப்பான் என்று தெரிந்துகொண்டு, உங்கள் உயிர் அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கப்போகிறது என்றால் உடனே சாப்பிட வேண்டும். சிக்னல் மோசமான இடத்தில் இருக்கிறவர்கள் இதில் இரண்டு அடிக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் திரை ஒரு நிமிடம் உறைந்து திரும்பி வரும்போது செத்து, மறுபடி லம்பிரிட்ஜில் நிற்பேன்.

பிரார்த்தனையைப் பலர் கடைசி வரைக்கும் தொடுவதே இல்லை, அது பெரிய தவறு. எலும்பைப் புதைத்தால் வளரும். சாதாரண எலும்புக்கு 4.5 அனுபவம், பெரிய எலும்புக்கு 15. ஊர்க் கோயிலில் இருக்கிற பீடத்தைத் தொட்டால் தீர்ந்தது மறுபடி நிறையும். லம்பிரிட்ஜிலேயே ஒரு பேய்க்கு அதன் மண்டையோட்டைத் தேடிக் கொடுக்கிற ஒரு கதை, அதாவது குவெஸ்ட், இருக்கிறது, அதை முடித்தால் ஒரேயடியாக 1,125 கிடைக்கும், பிரார்த்தனை நேராக 9 ஆகும். முதல் நாளிலேயே செய்யுங்கள். லெவல் 25இல் ஒரு சாமானைக் காப்பாற்றுகிற பிரார்த்தனை, 37இல் மந்திரத்தைத் தடுக்கிறது, 40இல் அம்பை, 43இல் வாளை. பெரிய எலும்புக்கு எட்ஜ்வில் குகையில் இருக்கிற மலைப் பூதங்கள்தான் நல்ல இடம், லெவல் 28, உயிர் 35. வேரொக்குக்கு மேற்கே ஒரு குடிசை இருக்கும், பித்தளைச் சாவி இருந்தால் அதற்குள் இறங்கி நேராக அவர்களிடம் போகலாம். ரூன் சிமிட்டர் பிடிக்க வேண்டிய அட்டாக் 40ஐ நான் எட்டியது அங்கேதான், இரண்டு மாதம்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு தூரம் தள்ளிப் போனால் அது கிளம்பாது என்றும் தெரியும். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த கேமில் பூதங்கள் துரத்துவதும் அப்படித்தான், அதற்கு ஒழுங்கு இருக்கிறது. சில வகை தானாகப் பாயும், சில வகை நீங்கள் தொட்டால்தான் திருப்பும். பாய்கிற வகைகளில் பெரும்பாலானவை உங்கள் சண்டை லெவல் அவற்றின் லெவலைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் உங்களைக் கண்டுகொள்ளாது. என்னை முதலில் கொன்ற அந்த லெவல் 20 மந்திரவாதிகள் நான் 41 ஆனதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இல்லாமல், ஒரே இடத்தில் பத்து நிமிடம் இருந்தால் பாய்கிறதும் அடங்கிவிடும், கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்தால்தான் மறுபடி பாயும். திரையின் மூலையில் குறுக்கே வைத்த இரண்டு வாள் படம் தெரிந்தால் அங்கே ஒரே நேரத்தில் பல பேர் சேர்ந்து உங்களை அடிக்கலாம் என்று அர்த்தம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத சின்னச் சின்னப் பிராணிகள் அங்கே அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு ஆளை வற்றப் பண்ணிவிடும். அந்த வாள் படத்தைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

அப்புறம் பதுங்கி அடிப்பது. வில் அல்லது மந்திரம் இருந்தால் நடுவில் ஒரு கல்லோ வேலியோ இருக்கிற மாதிரி நில்லுங்கள். பூதம் நேராக உங்களை நோக்கி வந்து அந்தக் கல்லில் முட்டி நிற்கும், சுற்றி வருகிற புத்தி அதற்கு இல்லை. மந்திரவாதிகள் கோபுரத்தின் மேல்மாடியில் கூண்டுக்குள் லெசர் டீமன் என்கிற பூதம் ஒன்று இருக்கிறது, லெவல் 82. கம்பிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அம்பு விடலாம். சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் வில்லை வளர்க்க, அதுவும் சிக்னல் போய்ப் போய் வருகிற ஆளுக்கு, அதைவிடப் பாதுகாப்பான இடம் இலவசப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

கதைகளோடு சேர்ந்து வருகிற பெரிய எதிரிகளில்தான் இந்த கேமின் அருமை தெரியும். டிரெய்னர் ஊர் மாளிகையின் நிலவறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிற இரத்தக் காட்டேரி லெவல் 34தான், ஆனால் எவ்வளவு பலம் இருந்தாலும் மரக் கூரும் சுத்தியலும் இல்லாமல் போனால் அது சாகாது. கூரைக் கொடுக்கிறவர் வேரொக்கில் ஒரு குடிச் சாலையில் உட்கார்ந்திருக்கிற கிழவர், அவருக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுக்க வேண்டும். பையில் பூண்டு இருந்தால் காட்டேரி இன்னும் பலவீனம் ஆகும். எங்கள் பாட்டி இருந்திருந்தால் இதைக் கேட்டு, அதெல்லாம் சரிதான், ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக்கொள் என்று சொல்லியிருப்பார். முடித்தால் அட்டாக்குக்கு 4,825 கிடைக்கிறது, ஒன்றில் இருந்தவன் நேராக 20க்கு வந்துவிடுவான்.

எல்வார்க்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமை ஆகாது. இலவசப் பக்கத்தின் உச்சமே அந்தப் பச்சை டிராகன்தான், லெவல் 83, உயிர் 80, கிராண்டோர் தீவில் இருக்கிறது. 32 குவெஸ்ட் பொயிண்ட் சேர்த்தால்தான் இந்தக் கதையைத் தொடங்கவே முடியும், வரைபடம் மூன்று துண்டாகக் கிடக்கும், ஓட்டைக் கப்பலைப் பலகை வைத்து அடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் லம்பிரிட்ஜ் கோட்டை மாடியில் டியூக் இலவசமாகத் தருகிற டிராகன் கேடயம். அது கையில் இல்லாமல் அதன் நெருப்புக்கு முன்னால் நின்றால் ஒரே மூச்சில் கருகிப்போவீர்கள்.

நான் 22 லொப்ஸ்டரோடு போனேன். தீவில் இறங்கி, நிலத்துக்குக் கீழே எலும்புக்கூடுகளையும் டீமன்களையும் ஓடித் தாண்டி, டிராகனிடம் போவதற்கு முன்னால் அண்ணன் சொன்னபடி சுவரில் இருக்கிற இரகசியக் கதவைத் திறந்து வைத்தேன். அது கராமஜா எரிமலைக்குள் திறக்கும், ஒரு தடவை திறந்துவிட்டால் அடுத்த தடவை அந்த ஓட்டைக் கப்பலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிறகுதான் சண்டை. அதன் உயிர் பாதிக்குக் கீழே வந்துவிட்டது, என்னிடம் இன்னும் ஒன்பது மீன். மழை அடித்துக்கொண்டிருந்தது, படிக்கட்டில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தோட்டம் முழுக்கக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. சண்டையில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறைந்துவிட மாட்டான், அங்கேயே நின்று அடி வாங்குவான். எனக்கு அழுகையே வந்தது. உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன், என்ன ஏது என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் தலையைத் துவட்டிவிட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

இரவு ஒன்பதரைக்கு சிக்னல் வந்தது. லம்பிரிட்ஜில் நிற்கிறேன். இங்கேதான் இந்த கேம் நியாயமாக நடந்துகொள்கிறது என்று சொல்வேன். செத்தால் இருப்பதில் விலை கூடின மூன்று சாமான் உங்களிடமே தங்கும். மிச்சம் எல்லாம் செத்த இடத்தில் கல்லறையாக 15 நிமிடம் காத்திருக்கும், அந்த 15 நிமிடமும் நீங்கள் உள்ளே விளையாடிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் ஓடும். நேரம் தவறினாலும் மரண தேவனின் அலுவலகத்தில் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். நான் டியூக்கிடம் ஓடி இன்னொரு கேடயம் வாங்கி, வழியில் டிரெய்னர் பேங்கில் மீனும் கராமஜா கப்பலுக்கு 30 காசும் எடுத்துக்கொண்டு, எரிமலைக்குள் இறங்கி அந்தத் திறந்து வைத்த சுவர் வழியாகப் போனேன். கல்லறை இருந்தது. எடுத்துக்கொண்டு அப்படியே அன்றைக்கே எல்வார்க்கையும் முடித்தேன். அண்ணனுக்கு அழைத்தபோது கடை மூடித் தூங்கிவிட்டிருந்தான், எழுப்பித்தான் சொன்னேன். அந்த 30 காசு மட்டும் பேங்கில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். பேங்கில் எப்போதும் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடிக்கக்கூடிய காட்டு நிலத்துக்கு நான் அதிகம் போவதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்ஜ்வில்லுக்கு வடக்கே ஒரு பள்ளத்தைத் தாண்டினால் அது தொடங்கும். உள்ளே எத்தனையாவது லெவலில் நிற்கிறீர்களோ, உங்கள் லெவலுக்கு மேலேயும் கீழேயும் அத்தனை வித்தியாசம் உள்ளவர்கள் உங்களை அடிக்கலாம். 20க்கு மேலே போய்விட்டால் சட்டென்று வேறு இடத்துக்குத் தாவுகிற சாதாரண டெலிபோர்ட் வேலை செய்யாது. இழந்தால் பரவாயில்லை என்கிற சாமானோடு மட்டும் போங்கள். உங்களை அங்கே கூட்டிப்போகவே சில பேர் நட்பாகப் பேசுவார்கள். உங்கள் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், கொடுங்கள் என்பார்கள். கொடுத்தால் போனதுதான். பார்பேரியன் கிராமத்தில் இருக்கிற பாதுகாப்புக் கோட்டைக்கு ஒரு தடவை போய் வாருங்கள், நாலு மாடி இறங்கினால் மொத்தம் 10,000 காசும் ஒரு சோடி சப்பாத்தும் கிடைக்கும், கதவுக்குக் கதவு உங்கள் கணக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று கேள்வி கேட்டுப் பழக்கியும் விடும். சின்னத் தம்பிமார் விளையாடுகிற வீடுகளில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

இனிக் குறைகள். தமிழ் இல்லை, ஆங்கிலம் கொஞ்சமாவது வாசிக்கத் தெரிய வேண்டும், கதைகளில் நிறைய வாசிப்பு இருக்கிறது. சின்னப் போனில் எழுத்து பொடியாகத் தெரியும், மீனைத் தட்டப் போய்ப் பக்கத்தில் இருக்கிற சாமானைத் தட்டிவிட்டு நான் இரண்டு தடவை செத்திருக்கிறேன், அதனால் மீனை எப்போதும் கட்டைவிரல் பக்கமாக அடுக்கி வைக்கிறேன். ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற பொட்கள் நல்ல இடங்களைப் பிடித்துக்கொள்ளும். நேரமும் தின்னும், ஒரு திறமையை 99க்குக் கொண்டுபோக 13,034,431 அனுபவம் வேண்டும், 92 வரும்போதுதான் அதில் பாதி. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் முடிந்த பிறகு தொடங்குவது நல்லது, உண்மையாகவே சொல்கிறேன்.

பெரிய குறை, நல்ல பூதங்களில் பெரும்பாலானவை காசு கட்டின உறுப்பினர்களுக்குத்தான். எங்கள் பக்கம் வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடிய கார்ட் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆனால் வழி இருக்கிறது. பொண்ட் என்று ஒன்று, அதை கேமுக்குள் சம்பாதித்த காசிலேயே கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்கிற சந்தையில் வாங்கலாம், ஒன்றுக்கு 14 நாள் உறுப்பினர். விலை பல மில்லியன், எனக்கு மாதக்கணக்கில் லொப்ஸ்டரும் பெரிய எலும்பும் விற்க வேண்டி இருந்தது. வாங்கினால் முதல் நாளே நீர்வீழ்ச்சிக் கதையைச் செய்யுங்கள், அட்டாக்குக்கும் ஸ்ட்ரெங்த்துக்கும் தலா 13,750 கிடைக்கும். டெவன், சென்கிளேயர் இரண்டு நீர்வீழ்ச்சியையும் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் கதை இன்னும் கொஞ்சம் கூடவே பிடித்தது.

உறுப்பினர் ஆனதும் நான் போனது டிராகனுக்காக இறங்கின அதே கராமஜா எரிமலைக்குத்தான். அதற்குள்ளே டிசார் என்கிற கல் மனிதர்களின் ஊர், அங்கே சண்டைக் குகை, எதிரிகள் 63 அலையாக வருவார்கள். கடைசி அலையில் ஜாட் என்கிற பெரிய பூதம் தனியாக வரும், லெவல் 702. ஒரு அடி 97 வரைக்கும் போகும், உங்கள் உயிர் கூடினால் 99தான். முன்னங்காலைத் தூக்கி நின்றால் மந்திரம், காலை நிலத்தில் அடித்தால் மேலே இருந்து கல். அந்தச் சின்ன இடைவெளியில் சரியான பிரார்த்தனைக்கு மாற வேண்டும். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்த 0.6 செக்கன் இங்கே எனக்குக் கை கொடுக்கவில்லை. இரண்டு கோடு சிக்னலில் ஜாட்டின் கால் தூக்குவதைப் பார்க்கும்போதே நான் செத்திருப்பேன். நல்ல வேளை, அங்கே செத்தால் சாமான் போகாது. வெளியேறும் பட்டனை ஒரு தடவை தட்டினால் அந்த அலை முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பிறகு வந்து தொடரலாம், கரண்ட் வெட்டு உள்ள ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனாலும் ஐந்து தடவை ஜாட்டிடம் செத்தேன். நம்ம பக்கத்து ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது வேறு கொம்பனி சிம் ஒன்றோடு வந்தான். கோயில் மதிலுக்குப் பக்கத்தில் அதற்கு மூன்று கோடு வந்தது. அவனுடைய போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, நான் 62ஆவது அலையில் நிறுத்தி வைத்திருந்த சண்டையைத் திறந்தோம். நான் பிரார்த்தனைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என் தோளுக்கு மேலால் ஜாட்டின் காலை மட்டும் பார்த்து "மேல! கீழ! மேல! மேல!" என்று கத்தினான். பாதி உயிரில் அதைக் குணப்படுத்த நாலு பேர் வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு அம்பு விட்டு என் பக்கம் இழுத்துக்கொண்டேன், என் உயிர் 31, "எத்தனை மீன் இருக்கு?" என்றான், "நாலு" என்றேன், "சாப்பிடு, அவசரப்படாத, கீழ!" கடைசி அம்பு விழுந்து ஜாட் சரிந்தபோது கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நெருப்புச் சால்வை என்று ஒன்று தருவார்கள், முதுகில் போட்டால் எரிகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு லம்பிரிட்ஜ் கோப்ளின்களுக்கு நடுவில் போய் நின்றேன், அண்ணனும் அவனுடைய ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான்.